இடைவெளி இல்லாத மின்தேக்கி

ஒரு காட்டில் மொத்தமே ஒரு பேட்டரியும் ஒரு பல்பும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு மின்துறை இருந்தது. அதற்குத் தலைமைப் பொறியாளர், தாண்டவராயன் என்ற நரி.

அந்த வருஷ வெள்ளத்தில் காடைகளின் கூடுகள் அடித்துக்கொண்டு போயின. பிழைத்தது செவந்தி என்ற ஒரே காடை. மிஞ்சிய நாற்பது முட்டைகளையும் அது ஒரு பெட்டியில் அடுக்கி, பல்பைப் போட்டுச் சூடு காட்டியது. பல்போ விட்டு விட்டு எரிந்தது. செவந்தி மின்துறைக்கு மனு கொடுத்தது.

"ரெண்டு தகடு எதிரெதிரே நிறுத்தினா மின்தேக்கி. கரண்ட் போற நேரத்துல அது குடுக்கும்" என்று அறிவித்தது நரி. கணக்குப் போடும் வேலை நமச்சிவாயம் என்ற எறும்புதின்னி அழுங்குக்கு வந்தது. அழுங்கு இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கோடு வந்தது.

"சார், தகடு ஒவ்வொண்ணும் ஒரு சதுர மீட்டர். நடுவுல ஒரு மில்லிமீட்டர் காத்து. பரப்பை இடைவெளியால வகுத்து, காத்துக்கு உண்டான எண்ணால பெருக்கினேன். ஒன்பது நானோஃபாரட்கூட வரல. ஒரு நொடியைக் கோடித் துண்டா நறுக்குங்க. அதுல ஒரு துண்டு நேரம்கூட பல்பு எரியாது."

"அப்ப என்னதான்யா செய்யணும்?"

"பேட்டரியில வயர் லூசா இருக்கு சார். முறுக்கிவிட்டாப் போதும்."

"வயர் முறுக்குறதுக்கு ராஜா வந்து ரிப்பன் வெட்டுவாரா?" நரி காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தது. "இடைவெளி கீழே இருக்கு. அது குறையக் குறைய விடை ஏறும். சரிதானே?"

"சரிதான் சார், ஆனா..."

"அப்ப இடைவெளியே வேண்டாம், ஒட்டிடு! அளவில்லாம கரண்ட் தேங்கும்."

"ஒட்டினா அது மின்தேக்கி இல்ல சார், ஷார்ட் சர்க்யூட். பேட்டரி வெடிச்சிரும். முட்டைங்க கெட்டுப் போயிரும்."

"நீ படிச்சது கணக்கு. நான் படிச்சது நிர்வாகம். போ."

திறப்பு விழாவில் சிங்கராஜா ரிப்பனை வெட்டி சுவிட்சைப் போட்டது. வயர் சிவந்தது, பேட்டரி படாரென்று வெடித்தது, பல்பு அணைந்தது. வாணவேடிக்கை என்று நினைத்த குரங்குகள் பலமாகக் கைதட்டின.

செவந்தி பெட்டிக்குள் பாய்ந்து இறக்கையை விரித்துப் படுத்தது. "யாராவது வாங்களேன்! எனக்கடியில பன்னிரண்டுதான் அடங்குது!"

அழுங்கு மட்டும் ஓடி வந்து மற்ற முட்டைகளின் மேல் சுருண்டது. அதன் செதில்களில் சூடு இல்லை.

"மன்னிச்சுக்கோம்மா" என்றது.

பன்னிரண்டு முட்டைகள் பொரிந்தன. நரி அறிக்கை எழுதியது: 'பன்னிரண்டு குஞ்சுகள், மின்தேக்கியின் சாதனை. மீதி இருபத்தெட்டு முட்டைகள் பரிசோதனையில் செலவாயின.' எழுதி முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டது.

நரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இடைவெளியைக் கீழே எழுதி உயரதிகாரியைத் தவறாக வழிநடத்திய குற்றத்துக்கு அழுங்கு சஸ்பெண்ட் ஆனது.

நீதி: மேலதிகாரிக்குச் சூத்திரத்தைக் காட்டாதே. காட்டாதவரை அவர் வெறும் முட்டாள். காட்டிவிட்டால் ஆதாரத்தோடு முட்டாள்.