தரைமேல் போட்ட பழி

வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள். அவர்களுக்குப் பின்னால், விழுந்தவரை விட்டுவிட்டுத் தரையை உற்றுப் பார்த்தபடி ஒருவர் வருவார் பாருங்கள், அவரைப் பற்றித்தான் இது. விசாரணைக்காரர். ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "இங்க தண்ணி ஊத்தினது யாரு?" என்பார்.

காக்ஸ் டவுன் யூஜின் இந்த இனத்தில் முதல் தரம். பீன்யா தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்து, எந்த விபத்துக்கும் ஒரு காரணம், ஒரு பரிகாரம், கீழே ஒரு கையெழுத்து என்று வாழ்ந்தவர். இரண்டாயிரத்து மூன்றில் மனைவி மரகதம் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்வதற்குள் காரணத்தைப் பிடித்துவிட்டார்: டைல்ஸ். பெயர்த்தெறிந்து சொரசொரப்பாகப் போட்டார். விவகாரம் முடிந்தது. மறு வருடம் சர்ச் வாசலில் தடுக்கி அதே கையில் தோள்பக்கம் முறிந்தது. காரணம்: செருப்பு. தூக்கி எறிந்தார். விவகாரம் மறுபடியும் முடிந்தது.

முடியவில்லை என்றவள் சாந்தகுமாரி ஒருத்திதான். ஒரு முறை எலும்பு முறிந்தவர்களுக்கு இன்னொன்று முறியாமல் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி புதிதாக ஆரம்பித்த திட்டத்தின் நர்ஸ். டாக்டர், டெஸ்ட், மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் அவளுடைய ஒரே நோட்டில் அடக்கம். மாதம் தவறாமல் போன் செய்வாள்.

"அங்கிள், நின்ன எடத்துல விழுந்தா எலும்பு ஒடையக் கூடாது. ஆன்ட்டிக்கு உள்ளுக்குள்ளயே பலம் கொறஞ்சிருக்கு. அடுத்தது இடுப்பு. அது போச்சுன்னா படுக்கைதான். டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

"செருப்ப மாத்திட்டேம்மா."

"எலும்பு?"

"அதான் சேந்துடுச்சே!"

பின்னாலிருந்து மரகதம், "ஒரு தடவ போய்ட்டுதான் வந்துடலாமேங்க" என்பார். விசாரணையில் சாட்சி குறுக்கே பேசலாமா?

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை மரகதம் குனிந்து ஃபிரிட்ஜிலிருந்து இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்தார். முதுகில் 'டக்'கென்றது. அப்படியே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். வழுக்கவில்லை. விழவில்லை. யூஜின் தரையைத் தடவிப் பார்த்தார், காய்ந்த தரை. காலைப் பார்த்தார், வெறுங்கால். பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு கரண்டி மாவு. முப்பது வருட அனுபவத்தில் குற்றவாளியே இல்லாத முதல் விபத்து.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார் மரகதம், பல்லைக் கடித்துக்கொண்டு.

யூஜின் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. இடுப்பு தப்பியது. 'அன்னைக்கே சொன்னேனே' என்று சாந்தகுமாரி சொல்லவில்லை. டெஸ்டுக்கும் மருந்துக்கும் எழுதிக்கொண்டே, யூஜினின் பேன்ட் கால் தரையைப் பெருக்குவதைக் கவனித்தாள்.

"அங்கிள், பேன்ட் ஏன் இவ்ளோ நீளம்?"

"அந்த டெய்லர ஒதைக்கணும்மா! மூணு வருஷமா இதே கதை. கேட்டா, 'அதே பழைய அளவுதான் சார்'னு சாதிக்கிறான்."

"கொஞ்சம் செவுத்தோட நில்லுங்க. வேலைக்குச் சேந்தப்போ என்ன உயரம்?"

"அஞ்சடி எட்டு."

சாந்தகுமாரி அளந்தாள். இரண்டு அங்குலத்தைக் காணவில்லை. முதுகெலும்பு உள்ளுக்குள் நசுங்க நசுங்க ஆளும் குட்டையாவார். நோட்டில் மரகதத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் ஏறியது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் பேன்ட், இல்லாவிட்டால் நைட்டி, கொஞ்ச நாளாகத் தரையில் இழுபடுகிறதே. நீங்கள் எந்த டெய்லரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?