மாமனாருக்குப் போட்டுக் காட்டிய பிரேக்

காருக்குப் புது பிரேக் மாட்டினவன் வாய் சும்மா இருக்காது. டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டு நிற்கிறவரைக்கூட, "அண்ணே, ஏறுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்று இழுப்பான். பாட்டுப் பெட்டி மாட்டினால் நின்ற இடத்திலேயே போட்டுக் காட்டிவிடலாம். பிரேக்கைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் வேகமாகப் போயாக வேண்டும். வினை அங்கேதான் பிடிக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயசு. திருச்சியில் வேலை, தஞ்சாவூரில் வீடு. சித்தப்பா கழித்துக்கட்டிய பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினை நோண்டி நோண்டி டிராக் ரேஸ் விட்டுக்கொண்டிருந்தேன். டிராக் ரேஸில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நேர் ரோட்டில் ரெண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், விளக்கு மாறினதும் நானூறு மீட்டர் தலைதெறிக்க ஓடும், அவ்வளவுதான். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. (எனக்குத் தோதான விளையாட்டு. யோசிக்க வேண்டியதே இல்லை.) ஓடின ரேஸில் ஒன்றைக்கூட நான் ஜெயித்ததில்லை. ஆனாலும் பின்கண்ணாடி முழுக்க 'ரேஸர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன்.

அந்த ஸ்டிக்கர் என் கல்யாணத்துக்கே உலை வைத்தது. கூட வேலை பார்த்த கலைச்செல்வியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். என் வீட்டில் உடனே சரி சொல்லிவிட்டார்கள். (அம்மா சொன்னது: "உனக்கும் ஒருத்தி சம்மதிச்சிருக்காளே! அவ மனசு மாறுறதுக்குள்ள முடிச்சிருவோம்.") ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் கலையின் அப்பாவும் பாதி மனசுக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவானோ என் கார் முதுகைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தான்.

"ரேஸ் விடுறவனுக்கா பொண்ணு குடுக்கிறது? வேகமாப் போறவன் எங்க போயி நிப்பான்னு அவனுக்கே தெரியாது. எம் பொண்ணு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கணுமா?" என்று கேட்டாராம்.

கலை போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவள் இல்லாவிட்டால் எனக்கு வேறு கதியில்லை என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான். மூளை உள்ளவன் என்ன செய்திருப்பான்? 'ரேஸை விட்டுட்டேன் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்திருப்பான். 'எங்க போயி நிப்பான்'னுதானே கேட்டார், நின்னு காட்டிடுவோம் என்று நான் பிரேக்கை மாற்றக் கிளம்பினேன்.

"அப்பா சொன்னதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் கலை.

"உனக்கு டெக்னிக்கலாப் புரியாது," என்றேன். (இந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை தண்டனை அனுபவித்து வருகிறேன்.)

வேலையைச் செய்தவன் என் சிநேகிதன் ரஃபீக். நாகூர்க்காரன், தஞ்சாவூரில் ஒர்க் ஷாப் வைத்திருந்தான். கார் கிறுக்கில் எனக்கு அண்ணன். "செய்யுறதுன்னா முழுசா செஞ்சிருவோம் மாப்ள" என்று ஆரம்பித்தான். முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கப் பெரிய கேலிப்பர், பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸுக்குப் பதில் கம்பி பின்னின ஹோஸ், பின்னால் இருந்த பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு அங்கேயும் டிஸ்க். டிஸ்க் பெரிசாகிவிட்டதால் பழைய சக்கரம் மாட்டவில்லை, பெரிய சக்கரம் வாங்கினோம். அத்தோடு என் கை வறண்டுவிட்டது. அந்தச் சக்கரத்துக்குப் பழைய டயர் கடையில் கிடைத்த நாலு டயரைப் போட்டோம். தடவிப் பார்த்தால் வழுக்கைத் தலையைத் தடவுகிற மாதிரி இருந்தது.

"டயர அடுத்த மாசம் பாத்துக்கலாம். பிரேக்குதான் நிறுத்தப் போவுது, டயரா நிறுத்தப் போவுது?" என்றான் ரஃபீக். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ரெண்டு பேரில் ஒருத்தனுக்காவது உறைத்திருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தான். "டிஸ்க்கக் கவ்வுற கட்டை, இந்தப் பேடு இருக்கே, ரேஸுக்குச் செஞ்சது மாப்ள. சூடு ஏறினாத்தான் கடிக்கும். நாலஞ்சு தடவ அழுத்தி அழுத்திச் சூடாக்கிட்டு, அப்பறமா காட்டு."

தை மாசக் கடைசி. பேசி முடிக்கலாமென்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கலை வீட்டுக்குப் போனேன். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ரோட்டில் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கலை வீட்டு வாசலுக்கு முன்னாலும் அவர்கள் நெல்தான், ஓரத்தில் கல் அடுக்கி நீளத்துக்கு விரித்திருந்தார்கள். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். மறுநாள் கொண்டுபோக வேண்டிய நெல் அது.

கலையின் அப்பா "வாங்க" என்றார். போண்டாவும் காபியும் வந்தன. அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசினார், மாட்டைப் பற்றிப் பேசினார், என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மாமா, ஒரே ஒரு ரவுண்டு வாங்க. என் வண்டி எப்படி நிக்குதுன்னு நீங்களே பாருங்க," என்றேன். (சம்மதம் கிடைக்கும் முன்பே மாமா! அந்தத் தைரியத்தில் பாதியாவது புத்தியில் இருந்திருக்கலாம்.) கதவோரம் நின்ற கலை, வேண்டாம் வேண்டாமென்று கண்ணாலேயே கெஞ்சினாள். வீட்டுக்கு வந்தவனிடம் முகத்தை முறித்துப் பேச முடியாமல் அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

ஊர் எல்லை தாண்டினதும் பிரேக்கைச் சூடாக்க ஆரம்பித்தேன். வேகமெடுப்பேன், ஒரு அழுத்து. மறுபடி வேகமெடுப்பேன், மறுபடி ஒரு அழுத்து. ஒவ்வொரு அழுத்துக்கும் அவர் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

"வண்டியில ஏதும் கோளாறுங்களா தம்பி?"

"இல்ல மாமா, சூடு பண்றேன்."

"போதுங்க தம்பி. குடிச்ச காபி மேல வருது."

திரும்பினோம். வீட்டு வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அறுபதில் வந்து, வாசலுக்கு நேராக ஒரே அழுத்தில் நிறுத்தி, 'இறங்குங்க மாமா' என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம், மனசுக்குள் வசனம்கூட ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று ரோட்டில் ஏறியது. வலது பக்கம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. நான் இடது பக்கம் ஒடித்தேன். நெல் மேல் ஏறினேன். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, ரஃபீக் வேலை சுத்தம். நாலு சக்கரமும் அந்த நொடியே நின்றுவிட்டன. கார்தான் நிற்கவில்லை. இந்தக் காலத்துக் கார்களில் சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் இருக்கிறது. என் கார் அதற்கெல்லாம் முந்தின தலைமுறை. வழுக்கை டயர், கீழே மொறுமொறுவென்று காய்ந்த நெல், கேட்க வேண்டுமா? கார் எங்கள் பெரிய கோயில் தேர் மாதிரி நிதானமாக, கம்பீரமாக வழுக்கிக்கொண்டே போனது. ஜன்னலுக்கு வெளியே என் அம்மா வந்தாள், போனாள். கலையின் அம்மா வந்தார், போனார். கலை வந்தாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டிருந்தாள், அவளும் போனாள். வாசல் போனது. கடைசியில் ஓரத்துக் கல்லில் தடதடவென்று ஏறி, மூக்கைத் தாழ்த்தி ரோட்டோர வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்தது. பாதி நெல்லும் எங்களோடு வந்துவிட்டது.

ரெண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை விடாமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நின்னுருச்சுங்களா? எறங்கலாமா?" என்றார்.

இறங்கிப் பார்த்த பிறகுதான் அவர் முகம் கறுத்தது. மூணு மாசப் பாடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் இறங்கிவிட்டோம். என் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல் கூட்டினாள். நான் முழங்கால் சேற்றில் கூடையோடு நின்று அரித்து அரித்து எடுத்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் கலையின் அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடியே நெல் அள்ளினார். போச்சு, எல்லாம் போச்சு, இனி இந்த ஊர் எல்லையை மிதிக்கக்கூட முடியாது என்று நினைத்துக்கொண்டே அரித்தேன். கலை பக்கத்தில் வந்து ஒரு கூடையை வாங்கிக்கொண்டு, "டெக்னிக்கலா என்னதான் ஆச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியாக அவரே டிராக்டரைக் கொண்டுவந்து காரில் கயிறு கட்டினார். டிராக்டரில் அவர், பின்னால் காருக்குள் சேறும் சகதியுமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். வண்டியைத் திருப்ப இடமில்லாமல் ஊர்த்தெருவைச் சுற்றித்தான் வீட்டுக்கு வரவேண்டியிருந்தது. ரெண்டு பக்கமும் சனம் கூடிவிட்டது. ஒரு அம்மாள் தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்: "என்னண்ணே, மாப்பிள்ளையக் கயிறு கட்டியா இழுத்துட்டு வர்றீங்க!"

டிராக்டர் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் தலைமயிரில் நெல் ஒட்டியிருந்தது, காதில் சேறு அப்பியிருந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் துண்டு கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவிடம் சொன்னார்: "வேகமாப் போயி கண்காணாம எங்கயாச்சும் போயிருவாருன்னு பயந்தேங்க. இவரு எம்புட்டு வேகமாப் போனாலும் நம்ம வாய்க்காலத் தாண்ட மாட்டாரு. ஊரும் மாப்பிள்ளைன்னு சொல்லிருச்சு. நாள் பாருங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க விடியக்காலம் வந்து அந்த நெல்ல விரிச்சுக் கிளறிக் காயவச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை."

வெட்கத்தை விட்டு அழுதேன். மறுநாள் லீவு போட்டு, வெயிலில் நெல் கிளறினேன்.

எங்கள் கல்யாணத்தில் தனியாக மாப்பிள்ளை அழைப்பு வைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "அது அப்பவே டிராக்டர்ல ஆயிருச்சு" என்று என் மாமியார் சொல்லி முடித்துவிட்டார். இப்போது எனக்கு ரெண்டு பிள்ளைகள், தானாகவே பிரேக் பிடிக்கும் புது கார், நாலு புது டயர். என்ன இருந்து என்ன? வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் என் மாமனாரிடமிருந்து போன் வந்துவிடுகிறது.

"மாப்பிள்ளை, ரோட்டுல நெல்லு காயுது. பஸ்ஸுல வாங்க."