நொச்சி இலையும் அம்மா அரைத்த பொடியும்

என் வாழ்க்கையில் ஒரு வாரம் நான் விஞ்ஞானியாக இருந்திருக்கிறேன். முழுதாக ஏழு நாள்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை லேப் விடுமுறை.

அப்போது புனேயில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் கடைசி வருடம். நொச்சி இலைச் சாறு கிருமிகளைக் கொல்லுமா, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்குமா என்பது என் ப்ராஜெக்ட். இலையை நிழலில் காயவைத்து, அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். லேபில் அரைக்கும் இயந்திரம் பழுது. அதனால் விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு மிக்ஸியை, அதாவது அம்மாவை, நம்பினேன். "நைஸா அரைச்சு வைம்மா" என்று காய்ந்த இலையைக் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனேன். (விஞ்ஞானிக்கும் உடற்பயிற்சி வேண்டாமா?)

ரிசல்ட் அமர்க்களம். கிருமி வளர்த்த தட்டில் சாறு விட்ட குழியைச் சுற்றிக் கிருமிகள் செத்து, பெரிய வளையமாகத் தெளிந்திருந்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கான அடுத்த சோதனையில் ஊதாக் கரைசல் மஞ்சளானால் வெற்றி; சாறு பட்டதும் மஞ்சளானது. சாறே மஞ்சளாகத்தானே இருந்தது என்று எல்.கே.ஜி. பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. நோட்டில் 'பொன்னிறம், தனித்துவமான நறுமணம்' என்று எழுதிக்கொண்டேன்.

என் வழிகாட்டியான மேடம் லேசில் எதையும் நம்பமாட்டார். இயந்திரம் சரியானதும், "புது இலை எடுத்து இங்கேயே அரைத்து மறுபடி செய்" என்றார். செய்தேன். வளையம் பொட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னொரு முறை செய்தேன். அதே பொட்டு.

"முதல் சாற்றில் ஏதாவது மருந்து கலந்தாயா?" என்று மராத்தியில் கேட்டார்.

"எதுவுமே கலக்கவில்லை மேடம். அம்மா மேல் சத்தியம்!"

"நாளைக்குள் காரணம் சொல். இல்லையென்றால் துறைத் தலைவரிடம் போக வேண்டியதுதான்."

போனால் ப்ராஜெக்ட் ரத்து, ஒரு வருடம் வீண். அதைவிட, ஃபிராடு என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா விடாமல் கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, அங்க அரைச்சப்போ மஞ்சளும் கிராம்பும் போட்டியா?"

"அது எதுக்கு?"

"எதுக்கா? மழைக்காலத்துல டப்பால வச்சா கீடா புடிக்காது? ரெண்டு ஸ்பூன் மஞ்சள், ஒரு பிடி கிராம்பு. நான் எந்தப் பொடிக்கும் போடறதுதானே?" (புனேயில் எங்கள் வீட்டுப் பூச்சிகளுக்கு இந்திப் பெயர்தான்.)

கோபம் வரவேண்டிய இடம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா, நான் மடையன்தான், திருடன் இல்லை! எழுந்து நாலு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் அம்மா பொடி டப்பாவோடு என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். வேண்டாமென்றால் கேட்கவா போகிறாள்? பாதி மராத்தி, பாதி இந்தி, கோபம் மட்டும் சுத்தத் தமிழில், மேடத்திடம் நடந்ததைச் சொன்னாள். "எம்புள்ளைக்கு ஏமாத்தற அளவுக்கெல்லாம் மூளை கெடையாது மேடம்" என்றாள். அதை நானே மராத்தியில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

மேடம் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எங்கள் வீட்டில் அரிசிக்கு விளக்கெண்ணெய் தடவுவோம்" என்று அவர் ஆரம்பிக்க, இருவரும் அரை மணி நேரம் வண்டைப் பற்றிப் பேசினார்கள். துறைத் தலைவர் பேச்சே எழவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மேடம் ஒரு நிபந்தனை போட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அம்மாவின் மஞ்சள், கிராம்பையும் தனியாகச் சோதித்து, நடந்ததை மறைக்காமல் எழுதவேண்டும். எழுதினேன், பாஸானேன். வளையத்தின் அளவு நொச்சிக்கு ஒன்பது மில்லிமீட்டர், அம்மாவின் கலவைக்கு இருபத்துமூன்று.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன ஆராய்ச்சி பண்ணியிருக்கார்?" என்று பெண்ணின் அப்பா மரியாதையாகக் கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "அவன் ஒம்பது. நான் இருபத்துமூணு." அன்று காபித் தம்ளரோடு நின்றபடி விழுந்து விழுந்து சிரித்த பெண்தான் என் மனைவி. இப்போதும் நான் கொஞ்சம் பெருமை பேச ஆரம்பித்தால், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்பது மில்லிமீட்டருக்குப் பிரித்துக் காட்டுவாள்.