இரண்டு கை, மூன்று கணு

ஜமுனாமரத்தூர்,
மார்கழி 18

மரியாதைக்குரிய தேவராஜ் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. மலையில் குளிர் அதிகம், மற்றபடி நலம். ஒடுகத்தூரில் தங்கள் குடும்பமும் கடையும் நலம்தானே? சம்மந்தி என்றுதான் எழுதத் தொடங்கினேன்; அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன்.

நேற்று நீங்கள் போனில் கேட்டது காதிலேயே நிற்கிறது. "இன்னா சார், பயோடேட்டாவுல பொண்ணுக்கு வயசு 23ன்னு எழுதிக் குடுத்தீங்க, சர்டிபிகேட்ல பாத்தா 27 வருது. நடுவுல நாலு வருசம் எங்க சார் போச்சி?" எங்கும் போகவில்லை ஐயா. என் மகள் கோகிலவாணிக்கு இருபத்தேழுதான். நான் எழுதிய 23-ம் இருபத்தேழுதான். கோபப்படாமல் இன்னும் ஒரு பத்தி படியுங்கள்.

எல்லாம் கொய்யாப்பழம் விற்கும் பெரியம்மாளால் வந்தது. அவர் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவார்; விரலுக்கு மூன்று, கைக்குப் பன்னிரண்டு. முப்பது பழம் கேட்டால், "ரெண்டு கை, ஆறு கணு, எட்த்துக்க வாத்தியாரே" என்பார். முப்பத்தைந்து வருடம் பத்தையே கட்டிக்கொண்டு அழுதவனுக்கு எப்படி இருந்திருக்கும்! இடப்பக்க இலக்கம் கை, வலப்பக்க இலக்கம் கணு என்று வைத்தால் அந்த முப்பதை 26 என்று எழுதலாம். இன்னொரு வசதி: பத்துப் பழத்தை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒன்று மிஞ்சிச் சண்டை வரும், ஒரு கைப் பழத்தை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கும் சமாதானமாகப் பிரிக்கலாம். கடைசி இலக்கம் 0, 3, 6, 9 என்றால் எவ்வளவு பெரிய எண்ணும் மூன்றால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம்! இந்த மயக்கத்தில் எல்லாவற்றையும் பன்னிரண்டிலேயே எழுத ஆரம்பித்தேன். தையற்காரரிடம் சட்டை உயரம் 26 அங்குலம் என்று, முப்பதை நினைத்து, எழுதிக் கொடுத்தேன். இப்போது கையைத் தூக்கினால் தொப்புள் தெரிகிறது. "இப்பிடியே கணுவ எண்ணிக்கினு இருந்தா பொண்ணு நம்ம வூட்லயே இருந்துடும்" என்று என் மனைவி சம்பூர்ணம் அன்றே எச்சரித்தாள். அதே வாரம்தான் பயோடேட்டா எழுதினேன். இரண்டு கை, மூன்று கணு.

கோகிலா நேற்று ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "வயச கொறச்சிதான் எனக்கு மாப்ள தேடணுமாப்பா? மொத நாளே அவர்கிட்ட இருபத்தேழுன்னு சொல்லிட்டேன்." அதன் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை. தங்கள் மகன் இளவழகனைக் கேட்டுப் பாருங்கள். தப்பு முழுவதும் என்னுடையது, பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள்.

நேற்றோடு பன்னிரண்டைத் தலைமுழுகிவிட்டேன். இனி என் கையால் எழுதுவதெல்லாம் பத்தின்படிதான், சத்தியம். தை 20-ஆம் தேதி நிச்சயத்துக்கு நாள் பார்த்திருக்கிறோம். மனம் இரங்கிக் குடும்பத்தோடு மலையேறி வாருங்கள். வாய் நிறையச் சம்மந்தி என்று கூப்பிட்டு வரவேற்கிறேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கமும், மாப்பிள்ளைக்கு (எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை) ஆசியும்.

தங்கள்
தனசேகரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பூர்ணம் பிடுங்கிப் படித்தாள். "அய்யய்யோ, 20 அஷ்டமியாச்சே! அன்னிக்கா வரச் சொல்லிக்கிறீங்க?" நாள் 24; கை பழைய பழக்கத்தில் எழுதிவிட்டது. தயவுசெய்து 20-ஆம் தேதி கிளம்பிவிடாதீர்கள். இந்த 24 சத்தியமாகப் பத்தின்படிதான். சம்பூர்ணமே காலண்டரைப் பார்த்து எண்ணிச் சரிபார்த்துவிட்டாள். விரல் கணுவில்தான் எண்ணினாள். மிகச் சரியாக இரண்டு கை.