துளித்துளியாய் வெற்றி

மாபெரும் சாம்ராஜ்யங்களை எழுப்பியவர்கள் யானைப் படையை நம்பி எழுப்பவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்து எழுப்பினார்கள். இந்த உண்மை வரலாற்று ஆசிரியர்களுக்கு இன்னும் எட்டவில்லை. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியின் மனிதவள அதிகாரி சக்திகுமாருக்கு எட்டியிருந்தது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து படப்பையில் வாடகைக்குக் குடியிருந்த சக்திகுமார், சின்னச் சின்னப் பழக்கங்களால் வாழ்க்கையில் உயர்வது எப்படி என்பதைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கரைத்துக் குடித்தவர். உயர்வது மட்டும்தான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் குளிக்கும் பழக்கத்தைத் தொடங்கி ஜலதோஷம் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லும் பழக்கத்தைத் தொடங்கி, பால்காரரையும் ஷேர் ஆட்டோக்காரரையும் நிறுத்தி நன்றி சொன்னதில் கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிட்டார். அதிகாலையில் எழும் பழக்கம் மட்டும் பிசகாமல் நடந்தது. அதற்குக் காரணம் அவர் மனைவி வேல்விழி.

“நீங்க எந்திரிக்கதுக்கு நான்லா முழிச்சுக் கெடக்கேன். இதுல வெற்றி யாருக்கு வரும், உங்களுக்கா எனக்கா?” என்று அவள் கேட்டாள்.

“கூட்டு வெற்றி,” என்றார் சக்திகுமார், கொட்டாவியோடு.

அந்த வெற்றிக்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. ஆலை மேலாளர் வெங்கடேசன் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய்வந்தார். அங்கே போட்ட பிரியாணியும் அங்கே சொன்ன கருத்தும் அவர் நெஞ்சிலேயே நின்றுவிட்டன.

“சின்னப் பழக்கம், பெரிய பலன்! ஹெட் ஆபீஸ்ல எல்லா பிளான்ட்லயும் கேக்கறாங்க. நமக்குன்னு ஒரு பழக்கம் வேணும் சக்தி. ஆனா செலவு வரக்கூடாது.”

“தண்ணி சார்!” என்றார் சக்திகுமார்.

“தண்ணியா?”

“ஷிப்ட் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு பாட்டில் தண்ணி குடிக்கணும். மூளை சுறுசுறுப்பாகும். மூளை சுறுசுறுப்பானா கை சுறுசுறுப்பாகும். கை சுறுசுறுப்பானா...”

“கார் சுறுசுறுப்பாகும்!” என்று முடித்துவைத்தார் வெங்கடேசன். “தண்ணி நம்ம போர்வெல்லயே வருதில்ல?”

“வருது சார்.”

“அப்ப அற்புதமான தத்துவம்.”

‘துளித்துளியாய் வெற்றி’ என்று பெயர் சூட்டி, நீல பாட்டில்களில் அச்சடித்து, திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். காலைக் கூட்டத்தில் சக்திகுமார் விசில் ஊதுவார். எல்லோரும் அண்ணாந்து குடிப்பார்கள். அவரும் முன்னால் நின்று, தலைவனுக்குரிய கம்பீரத்தோடு, மடக் மடக்கென்று குடிப்பார்.

அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. லைனில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். யாராவது கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சிவப்பு அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு லைனுக்கு ஒரே அட்டை. அது திரும்பி வந்தால்தான் அடுத்த கழுத்துக்கு. பெண்கள் அதற்குத் ‘தாலி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ‘ஊழியர்களின் பண்பாட்டுப் பற்று’ என்று சக்திகுமார் இதை மேலிடத்தில் மெச்சிப் பேசியிருந்தார். தாலியே கட்டாத உத்தமிகளும் அங்கே உண்டு. இசக்கிசெல்வி அப்படிப்பட்டவள். சக்திகுமாரின் ஊர்ப்பக்கத்துப் பெண், வல்லக்கோட்டையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவள் ஷிப்ட் முழுவதும் இடத்தைவிட்டு அசைந்ததே இல்லை என்பதால், ‘இடம் பெயரா உழைப்பாளி’ என்ற விருதைச் சக்திகுமார்தான் தன் கையால் கொடுத்திருந்தார்.

அந்த இசக்கிசெல்வி ஒருநாள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, பாட்டில் தண்ணீரைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றுவதைச் சக்திகுமார் கண்டார். மனம் நொந்துபோனது.

“ஏம்மா, வெற்றியக் கொண்டுபோயி செடிக்கு ஊத்துதே?”

“செடி எங்கயும் எந்திச்சுப் போவாண்டாம்லா சார்,” என்றாள் அவள், மரியாதையாக.

சக்திகுமாருக்கு இது விளங்கவில்லை. மாற்றத்தை ஏற்கும் மனப்பக்குவம் இன்னும் வரவில்லை என்று முடிவுகட்டினார். மறுநாளிலிருந்து அவளைத் தனக்கு நேரெதிரே முன்வரிசையில் நிறுத்திக்கொண்டார்.

கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்த அன்றுதான் திட்டம் தன் முழுப் பலனையும் காட்டியது. விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்று வெங்கடேசன் உற்சாகமாகி, “இன்னிக்கு டபுள்!” என்று அறிவித்துவிட்டார். ஆளுக்கு இரண்டு பாட்டில். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளைக்கு வெகுநேரம் முன்பே சிவப்பு அட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. ஒருத்தி வாங்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று ஒயர் கட்டினார்கள். அட்டை வந்தது, இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் கயிறு அறுந்தது. சூப்பர்வைசர் அதற்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கையில், இசக்கிசெல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணீர்விடுவதை லைன் லீடர் மெர்சி பார்த்தாள். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி, வாய்க்குப் பயப்படாதவள். எட்டி, லைனை நிறுத்துவதற்கென்று தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுத்தாள். லைன் நின்றது. லைன் நின்றால் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டுப் பாடும், அதுவும் பாடியது. அந்த இனிய இசையின் பின்னணியில் பெண்கள் அத்தனை பேரும் கழிப்பறைக்கு நடந்தார்கள்.

“என்ன ஆச்சு?” என்று பதறினார் விருந்தாளி ஒருவர்.

“வாட்டர் ப்ரோக்ராம் சார். மொத பாதி முடிஞ்சிட்ச்சி, இப்போ ரெண்டாவது பாதி,” என்றாள் மெர்சி.

சக்திகுமார் ஓடினார். பெண்கள் கழிப்பறை வாசலிலிருந்து வரிசை கேன்டீன்வரை நீண்டிருந்தது. உள்ளே பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. பழைய திட்டங்களின் விளம்பரப் பலகைகளை வைக்க வேறு இடமில்லை என்று அவற்றை அங்கே போட்டுப் பூட்டச் சொன்னவர் அவர்தான்.

“இத்தன நாளா யாரும் இப்படி வரலையேம்மா?” என்றார் பரிதாபமாக.

“எப்டி சார் வருவோம்? காத்தால வூட்ல எயுந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி வாயில வெக்காம வந்துகினு இருந்தோம். எல்லாத்துக்கும் அதான் பயக்கம். நீங்க வந்து விசில் ஊதிக் கெடுத்துட்டீங்க,” என்றாள் வரிசையில் நின்ற மெர்சி.

சக்திகுமார் பதில் சொல்ல நினைத்தார். ஆனால் அவருடைய இரண்டு பாட்டிலும் அவரை வேறு பக்கம் அழைத்தன. அதிகாரிகள் கழிப்பறையில் குளிர்சாதனம் ஓடியது, வாசனையும் இருந்தது. வாசலில் எவரும் அட்டை கேட்கவில்லை. காலையிலிருந்து எத்தனை முறை வந்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவில்லை. யாராவது தடுத்திருந்தால் நினைவிருந்திருக்கும். கண்ணாடியில், தினமும் ‘நீ ஒரு தலைவன்’ என்று அவர் சொல்லிக்கொள்ளும் முகம் தெரிந்தது. அன்று அதனிடம் ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு வந்தார்.

மாலையில் விசாரணைக் கூட்டம். வேலை போய்விடும் என்று பயந்தாலும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று உறுதியோடுதான் போனார் சக்திகுமார்.

“சார், அந்த அட்டைய எடுத்துட்டு, பூட்டிவச்ச கக்கூஸ...”

“சக்தி,” என்றார் வெங்கடேசன், மேசையைத் தட்டி. “பாசிட்டிவா பேசுங்க. வேலையில இருக்கணும் இல்லையா?”

சக்திகுமார் பாசிட்டிவாகப் பேசினார். தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம்தான், ‘நேர மேலாண்மை’தான் குறை என்றார். இனி ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது குடிக்கலாம் என்றார். அதுவரை பொறுத்திருப்பது மன உறுதியை வளர்க்கும் என்ற கருத்து எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை; வாயிலிருந்துதான் வந்தது. “பிரமாதம்!” என்றார் வெங்கடேசன். நீல பாட்டில்கள் பஸ்ஸுக்கு மாற்றப்பட்டன.

அன்றிரவு வேல்விழி, “கூட்டத்துல என்ன சொன்னிய?” என்று கேட்டாள். “எல்லாரும் ஒத்துக்கிட்டாவ,” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதன்பின் லைன் நிற்கவே இல்லை. ஒயர்கள் குவிந்தன. ‘சின்னப் பழக்கம், பெரிய பலன்’ போட்டியில் எல்லா ஆலைகளையும் தோற்கடித்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டது ஒரகடம். தலைமை அலுவலகத்தில் விழா. மேடையில் சக்திகுமாருக்குச் சால்வை போட்டார்கள். பக்கத்தில் ‘மன உறுதியின் வாழும் உதாரணம்’ என்று இசக்கிசெல்வியை நிறுத்தியிருந்தார்கள். அவள் முகம் வெளுத்து, ஒரு கையை இடுப்பில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

சக்திகுமாரைப் பேச அழைத்தார்கள். “சின்னப் பழக்கங்கள்...” என்று தொடங்கினார். இருமல் வந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடியும் இருமல். மேசையிலிருந்த தண்ணீரை நோக்கிக் கை நீண்டது.

இசக்கிசெல்வி பக்கத்தில் வந்து, சொந்த அண்ணனுக்குச் சொல்வதுபோல அன்பாக, மெல்லச் சொன்னாள். எதிரே இருந்த மைக் அதைச் சபைக்கே சொன்னது.

“இப்பக் குடிக்காதிய சார், மேடைய விட்டு எறங்க நேரமாவும். மொதல்லதான் கஷ்டமா இருக்கும். பெறவு வயித்துல கல்லு வந்துரும். அந்த வலியில தாகமே தெரியாது.”