பதினைந்து மில்லியில் இரண்டு காப்பி

கிராம் பித்தர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது, தெரியுமா? பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார். வேலைக்குப் போவார், வரி கட்டுவார், மனைவியிடம் திட்டு வாங்குவார். ஆனால் நீங்கள் குடித்து முடித்த கூல்டிரிங்க்ஸ் டின்னைக் குப்பையில் போடக் கையை ஓங்குங்கள், "சார், சார், அதை இப்படிக் குடுங்க!" என்று பாய்ந்து வருவார். ஆள் அவர்தான்.

டின் எதற்கு என்கிறீர்களா? மலையேறும்போது மூட்டையில் ஒரு கிராம்கூட அதிகம் ஏறாமல் கொண்டுபோக அடுப்பு செய்வதற்கு! இரண்டு டின்களின் அடிப்பாகத்தை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் ஓட்டைக்கு ஓட்டை நீலச் சுடர் எழும்பும். எடை ஒரு கடிதாசி அளவுதான். அத்தோடு விடுவாரா மனுஷன்? ஓட்டையைக் கூட்டினால் எத்தனை மில்லி மிச்சம், குறைத்தால் எத்தனை மில்லி மிச்சம் என்று பார்க்க இன்னொன்று செய்வார். அப்புறம் இன்னொன்று.

எனக்குத் தெரிந்த பித்தர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அவர் மனைவி மருந்துக்கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை: மலை உச்சியில் உட்கார்ந்து, கையில் சுடச்சுடக் காப்பியோடு, சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும். பெரிய ஆசையா? வருஷா வருஷம் கேட்பார். "அடுப்பு முடியட்டும்மா" என்பார் இவர். சமையலறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்து வழிய வெந்நீர் போட்டுக்கொண்டே இருப்பார்.

"போன அடுப்பை விட ஒரு மில்லி மிச்சம்!"

"அந்த ஒரு மில்லியை வச்சு என்னங்க பண்ணப் போறோம்?"

இவர் அந்த அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார். அஞ்ஞானிகளை ஞானிகள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கடைசியில் அந்த அம்மாவே தேதி குறித்துவிட்டார். பித்தர் மூட்டை கட்டினார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பு பாதியாகப் போனது. சட்டைக் காலரில் இருந்த துணிச்சீட்டு போனது. "காப்பி குடிச்சா தன்னால சூடாயிடும், ஸ்வெட்டர் எதுக்கு?" என்று மனைவியின் ஸ்வெட்டரும் போனது. அவருடைய தொப்பையைப் பற்றி நான் ஏதாவது சொன்னேனா? சொல்லமாட்டேன்.

உச்சி. விடியப்போகிற நேரம். பித்தர் அடுப்பை வைத்து, அளந்து கொண்டுவந்த பதினைந்து மில்லியை ஊற்றிப் பற்றவைத்தார். காற்று வந்து ஊதி அணைத்தது. மறுபடி பற்றவைத்தார். அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாதே! எரிகிறதா இல்லையா என்று விரலை நீட்டிப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் விரலை ஊதி முடிப்பதற்குள் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது. தண்ணீரோ, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"ஏதும்மா? கணக்கா பதினஞ்சு மில்லிதான் கொண்டு வந்தேன்."

"பெரிய கணக்கு!"

"கணக்கு சரிதான்மா. காத்துதான் தப்பு."

பக்கத்துக் கூடாரத்தில் லாரி ஓட்டும் பெண்மணி ஒருவர், இரண்டு பேர் தூக்க வேண்டிய இரும்பு கேஸ் அடுப்பை ஒண்டியாகத் தூக்கி வந்திருந்தார். "இங்க வா தங்கச்சி, பல்லு தந்தியடிக்குதே உனக்கு!" என்று கூப்பிட்டு, ஆவி பறக்கும் காப்பியைக் கையில் திணித்து, தன் கம்பளியையும் போர்த்திவிட்டார். சூரியன் எட்டிப் பார்த்தது. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்மவர் சூரியனைப் பார்த்தாரா? அவர் மூட்டையின் அடியிலிருந்து சமையலறைத் தராசை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுசாக, கண்ணாடித் தட்டோடு!

"அக்கா, உங்க அடுப்பை ஒரு நிமிஷம் இதுல வச்சுப் பாக்கலாமா?"

மனைவி தராசைப் பார்த்தார். தராசைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "என் ஸ்வெட்டர விட்டுட்டு இதையா சுமந்துட்டு வந்தீங்க?"

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சாவகாசமாக ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "அக்கா, அடுத்த மாசம் வர்றீங்களா? நாம ரெண்டு பேரு மட்டும்" என்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது நடுவில், 'அடுப்பைச் சுற்றி ஒரு தகடு வைத்து, பாத்திரத்தை மூடியிருந்தால் பன்னிரண்டு மில்லியே போதுமே' என்று உங்கள் மனசு ஒரு தடவையாவது முணுமுணுத்ததா? அப்படியானால் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் லாரி ஓட்டும் அக்காவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடும்.