திருவாதிரை வெடித்த விஷயமாக

புதுச்சத்திரம்,
பங்குனி 3.

வாழப்பாடியில் பிள்ளைகளுக்கு அறிவியலும் பெரியவர்களுக்குக் குழப்பமும் கற்பித்துவரும், என் மனைவி ஜோதியின் தம்பி, மச்சான் திரு. அறிவுமதி அவர்களுக்கு,

பண்ணையிலிருந்து குமாரசாமி எழுதுவது. இங்கே நானும் எட்டாயிரம் முட்டைக் கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் அக்காவும் சௌக்கியம் என்பது அவள் வைத்த ஸ்டேட்டஸில் தெரிந்தது. தட்டில் இருந்தது கோழிக்கறி என்பதையும் பார்த்தேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் தபால்.

தை மாதம் உங்கள் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு வந்தபோது, ராத்திரிப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? கிழக்கே, தென்னைமரத்துக்கு மேலே, சிவப்பாக இருப்பது திருவாதிரை, பெருத்துக் கிழடாகிப்போன நட்சத்திரம், சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமியையே விழுங்கிவிடும், வெடிக்கும் காலம் வந்துவிட்டது, இன்றைக்கே வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்கும் முன்பு மங்கினாலும் மங்கும், வெடித்தால் மாதக்கணக்கில் ராத்திரியில் நிலா மாதிரி வெளிச்சம் என்றீர்கள். ஒரு லட்சம் வருஷம் ஆனாலும் ஆகலாம் என்று மோர் ஊற்றும்போது சொன்னீர்களாம். நான் ரசத்தோடு எழுந்துவிட்டேன். அது என் தப்பா?

கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டையிடாது என்பது நாமக்கல் ஜில்லாவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதற்காக விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஷெட்டில் பல்பு போட வேண்டும். டைமர் வாங்கி மாட்டினோம், எலி கடித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான்கு மணிக்கு எழுந்து எழுந்து என் உடம்பு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வானமே பல்பு போடப்போகிறது என்றால் எந்தப் பண்ணைக்காரன்தான் சந்தோஷப்படமாட்டான்?

ஊருக்கு வந்ததும் தினமும் சாயங்காலம் கட்டிலை வாசலில் போட்டுக் கிழக்கே பார்த்தேன். எங்கள் தென்னைமரத்துக்கு மேலேயும் சிவப்பாக இருந்தது. மற்ற நட்சத்திரமெல்லாம் அங்கேயும் இங்கேயும் நகர்ந்தபோது இது மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நல்ல குடும்பத்து நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் அக்கா வந்து, "ஏனுங்க, அது வந்துங்க…" என்று இழுத்தாள். "உன்ற தம்பி எம்.எஸ்ஸி. படிச்சவரு. உனக்கென்ன தெரியும்? போய்ப் படு" என்றேன். உங்களுக்குக் கொடுத்த மரியாதை அது, மறந்துவிடாதீர்கள்.

மாசி பத்தாம் தேதி அது காணாமல் போனது! மேகம் ஒரு துளி இல்லை. வெடித்துவிட்டது, வெளிச்சம் வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று முடிவுசெய்து, மாரியம்மன் பண்டிகைக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்த மயில்சாமியண்ணனைக் கூப்பிட்டு ஷெட்டில் இருந்த அத்தனை பல்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒன்பதாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வந்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, எங்கள் தென்னைமரத்துக்குப் பின்னால் நிற்கும் செல்போன் டவரில் ஏறினான். அவன் உச்சிக்குப் போனதும் என் திருவாதிரை மறுபடி எரிந்தது. அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை, மச்சான்.

கோழிகள் இறகை உதிர்க்கின்றன. முட்டை பாதியாகிவிட்டது. மயில்சாமியண்ணனிடம் பல்பைத் திருப்பிக் கேட்டால், "சாமிக்குப் போட்ட வெளிச்சத்தப் பண்டிகை முடியாம கழட்டக் கூடாதுங்க" என்கிறார். இருந்தாலும் எப்படியோ எல்லாவற்றையும் வாங்கி மாட்டிவிட்டேன், நான்கு மணிக்கு நானே எழுந்து போடுகிறேன், ஒரு குறையும் இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். சொல்லி, அவளை அனுப்பிவையுங்கள். கோழிகள் அவளைத் தேடுகின்றன. கோழிகள்தான்.

உங்கள் புதுவீடு பொலியட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், வானம் இருந்தபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாறாத
குமாரசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா நேற்றுச் சாயங்காலம் வந்து இறங்கிவிட்டாள். ஷெட் இருட்டாகக் கிடப்பதைப் பார்த்தாள். நேராகக் கோயிலுக்குப் போய், "முட்டையிடறதும் சாமி காரியந்தானுங்கண்ணா" என்று சொல்லி அரை மணியில் அத்தனை பல்பையும் வாங்கி வந்துவிட்டாள். பிறகு இந்தக் கடிதத்தைப் படித்தாள். பல்பு மாட்டியதாக மேலே எழுதியிருப்பது பொய் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான்கு மணிக்கு எழுந்தது யார் என்றும் கேட்டாள். அவள்தான். அதையும் எழுதிவிட்டேன்.

இன்று நான்கு மணிக்கு நானும் அவளோடு எழுந்தேன். திருவாதிரை போலவே கேட்டையும் சிவந்து பெருத்த ரகம் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, அதோ என்று அவளுக்குக் காட்டினேன். "அது டவருங்க" என்றாள். என் தாடையைப் பிடித்துத் தெற்கே திருப்பினாள். சிவப்பாக ஒன்று நின்றது. "அதுதானுங்க கேட்டை. சுச்சு போட வாரப்பெல்லாம் பாக்கறனே." முன்பே சொல்லக்கூடாதா என்றேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. இனிமேல் சுவிட்சை நான்தான் போடுவேன், இது சத்தியம்.

கேட்டை எப்போது வெடிக்கும் என்று மட்டும் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதுங்கள்.